சாவா மூவாப் பேராடும் மூன்றாண்டுப் படிப்பும்

தலைவர் அவர்களே, தம் வாழ்நாட் சேமிப்பில் ஒரு பகுதியை முதலாக வைத்து இவ்வறக்கட்டளையை நிறுவியும் தம் பெயரை அதற்குச் சூட்டலாகாது என்று கேட்டுக்கொண்ட பெரியவரின் குடும்பத்தாரே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே,

பழங்கால வரலாற்றைப் பட்டப்படிப்பாகப் பயில்வது பற்றி இவ்வாண்டுச் சொற்பொழிவை நிகழ்த்தவேண்டும் என்று எனக்கு ஆணை பிறந்தபோது, அந்தப் பாடத்தையே நெடுங்காலம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு இசைந்தேன். ஆனால், நான் பிறந்து வளர்ந்த இந்த மணப்பாறையில், வாரந்தோறும் மாட்டுச் சந்தை கூடுகிற ஊரில், துண்டுக்கடியில் விரலைத் தொட்டு விலை பேசும் தரகர்களின் பேரப்பிள்ளைகள் அமர்ந்திருக்கும் சபையில், எதிலிருந்து தொடங்குவது என்பது இரண்டு நாள் வரை புலப்படவில்லை. பிறகு, ஆடு மாடுகளிலிருந்தே தொடங்குவதுதான் முறை என்று தெளிந்தேன். ஏனெனில், முதலை அழியவிடாமல் வைத்து அதன் பலனைக்கொண்டு ஒரு காரியத்தை இடையறாது நடத்துவது என்னும் இந்த அறக்கட்டளை ஏற்பாட்டுக்கு, நம் நாட்டுச் சாசனங்களில் காணப்படும் மிகத் தெளிவான வடிவம் கால்நடை வடிவமே ஆகும்.

கோயிலில் அல்லும் பகலும் அணையாமல் எரியவேண்டிய நந்தா விளக்கு ஒன்றுக்கு நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்காக ஒருவர் ஆடுகளைத் தானமாக விடுவார். அவற்றை மன்றாடிகள் எனப்பட்ட இடையர் ஏற்றுக்கொண்டு, நாள் தவறாமல் நெய் அளப்பர். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தில் ஏற்பட்ட விளக்குகளுக்கு, விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்ற விகிதம் அமைந்திருந்ததை அங்குள்ள கல்வெட்டுகள் காட்டுகின்றன. இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் சோழர் சாசனங்கள் "சாவா மூவாப் பேராடு" என்று குறிக்கின்றன. சாகாத ஆடு, மூப்படையாத ஆடு என்பது அதன் பொருள்.

இந்தத் தொடரை நான் முதன்முறையாக வகுப்பில் எடுத்துச் சொன்னபோது, இது சட்ட வழக்கு, எண்ணிக்கை குறையலாகாது என்பதே தாத்பரியம் என்று புத்தகத்தில் கண்டவாறு கூறிவிட்டு மேலே செல்ல முற்பட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். இந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தான். பாட்டனார் சந்தையில் தரகு பார்த்தவர். "ஐயா, ஆட்டுக்குத்தாங்க வயசு, மந்தைக்கு வயசு இல்லீங்க" என்றான். பிறகு அவனே விளக்கினான். 96 ஆடு என்றால் அத்தனையும் ஒரே சமயத்தில் கறவையில் இரா; சினையாய் நிற்பவை சில, குட்டிக்கு ஊட்டுபவை சில, வற்றிப்போனவை சில; கறக்கிற சிலவற்றின் பாலைக்கொண்டு தினம் உழக்கு நெய் எடுக்கவேண்டுமானால் மந்தை அவ்வளவு பெரிதாக இருந்தே தீரவேண்டும்; கிழடு கழியக் கழியக் குட்டி அந்த இடத்தை நிரப்பும்; நிரப்பியது போக மிஞ்சுகிற குட்டியும், வயலில் கிடை போட்டு வருகிற கூலியும் மேய்ப்பவனுக்கு. "அவனுக்கும் ஏதாச்சும் மிஞ்சணுமில்லீங்களா? இல்லேன்னா யாருங்க ஏத்துக்குவாங்க?" என்று முடித்து உட்கார்ந்தான். அதுகாறும் அந்தச் சாசனத்தைக் கொடுத்தவர் பக்கத்திலிருந்தே நான் வாசித்திருந்தேன். ஏற்றுக்கொண்டவர் பக்கத்திலிருந்து வாசிக்க அந்தப் பையன் எனக்குக் கற்பித்தான்.

இன்று நான் சொல்ல வந்ததும் இதனோடு ஒட்டியதே. பழங்கால வரலாற்றில் முதற்பட்டம் பெறுகிற ஒருவன், மூன்றாண்டுக்குள் ஒரு முறையாவது, ஆதாரத்தை இடையில் ஆள் இன்றித் தன் கண்ணாலும் கையாலும் சந்தித்திருக்கவேண்டும். சந்திக்கும்போது, தன் வீட்டிலும் ஊரிலும் கற்ற அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராமல் உடன் கொண்டு வரவேண்டும். இவ்விரண்டும் இல்லாத படிப்பு, பட்டமாக இருக்கலாம். வரலாற்றுப் படிப்பு ஆகாது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்கு வாய்த்த படிப்பு அவ்வாறு அமையாமற் போனதுதான். 1966 முதல் 1969 வரை திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் வரலாற்றில் பி.ஏ. பயின்றேன். காலையில் பாசஞ்சர் வண்டி ஏறிப் போய் மாலையில் திரும்புவேன். சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் சாசனத்தை, அதை இயற்றிய ஹரிசேனர் பெயரோடும், அதில் வரும் காஞ்சி விஷ்ணுகோபன் முதலான தென்னாட்டு அரசர் பட்டியலோடும், வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து உருப்போட்டு நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்தத் தூண் முதலில் அசோகன் சாசனம் தாங்கிய தூண் என்பதையும், பதினேழாம் நூற்றாண்டில் ஜஹாங்கீரும் அதன்மேல் தன் வம்சாவளியைப் பொறித்துச் சென்றான் என்பதையும், ஒரே கல்லில் மூன்று சாம்ராஜ்யங்கள் ஒன்றன்மேல் ஒன்று எழுதிச் சென்றிருக்கின்றன என்பதையும் நான் அறிந்தது, பட்டம் வாங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே.

அலகாபாத்தாவது தொலைவிலுள்ளது. எங்கள் வகுப்பறை ஜன்னலில் மலைக்கோட்டை தெரியும். உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்கப் படியேறுகிற எவரும் வழியில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலைக் கடந்தே செல்லவேண்டும். அதன் தூண்களில் அந்தப் பல்லவ அரசனுடைய வடமொழிச் சுலோகங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. காவிரியின் அழகில் சிவபெருமான் மனத்தைப் பறிகொடுத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், தந்தை வீட்டை விட்டு இந்தக் குன்றிலேயே வந்து தங்கிவிட்டாள் என்று கற்பனை செய்கிற நயமும், வேறு நெறியில் நின்ற அரசன் சிவநெறிக்குத் திரும்பிய செய்தியும் அவற்றில் இருக்கின்றன. ஜெர்மானியரான ஹூல்ட்ஷ் 1890-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பாகத்திலேயே அவை அச்சேறிவிட்டன. எங்களுக்கோ மகேந்திரவர்மன் என்பவன் வினாத்தாளில் ஐந்து மதிப்பெண் குறிப்பு.

இதைவிட வருத்தம் தருவது ஒன்றுண்டு. நான் மாணவனாயிருந்த அதே ஆண்டுகளில், அதாவது 1965 முதல் 1969 வரை, சென்னைப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் டி. வி. மகாலிங்கம் அவர்கள் தலைமையில் உறையூரில் அகழாய்வு நடத்திக்கொண்டிருந்தனர். முற்காலச் சோழர் தலைநகரம், கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் வழிநூலில் அர்காரு என்று மெல்லிய துணிக்காகக் குறிக்கப்பெற்ற ஊர் என்று அறிஞர் கருதுவது, அந்த உறையூர். அங்கே தோண்டிய குழிகளிலிருந்து ரௌலட் வட்டக் கோலமிட்ட மட்கலத் துண்டுகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும், துணிக்குச் சாயமேற்றிய செங்கல் தொட்டியும் வெளிவந்துகொண்டிருந்த நாட்களில், நாங்கள் அங்கிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உட்கார்ந்து, சிந்துவெளி நாகரிகத்தின் சாக்கடை அமைப்பைப் பற்றி நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருவரும் எங்களை அழைத்துச் செல்லவில்லை. எங்களுக்கும் போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை என்பதே எல்லாருக்கும் போதிய சமாதானமாயிருந்தது. சாயத் தொட்டியைக் கண்ணால் கண்டிருந்தால், சங்க காலத்து நெசவைப் பற்றி அதன் பிறகு வகுப்பில் சொன்ன எந்த வாக்கியமும் என் வாயில் வேறு விதமாக வந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் கல்வெட்டை முதன்முதலாகச் சந்தித்தது ஆசிரியனான பிறகு, லால்குடிப் பக்கத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில். கல்வெட்டுத் துறை அன்பர் ஒருவர் மைப்படி எடுக்க வந்திருந்தார், உதவிக்கு ஆள் வேண்டியிருந்தது, வாளி தூக்கினேன். அடித்தளமான அதிட்டானத்தின் குமுதப் படையில் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் ஏறி, எழுத்து இருப்பதே தெரியாத ஓரிடத்தை அவர் தூரிகையால் தேய்த்துக் கழுவினார். வெட்டி வைத்திருந்த தாளை நீரில் நனைத்துக் கல்லின்மேல் ஒட்ட விரித்து, உள்ளே நின்ற காற்றைக் கையால் தடவி வெளியேற்றினார். பிறகு அடர்ந்த மயிர்த் தூரிகையை எடுத்து, தாள் கிழியாதபடியும் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும்படியும், ஒரே நிதானத்தில், வரிவரியாகத் தட்டிக்கொண்டே போனார். ஈரம் பாதி உலர்ந்த பக்குவத்தில், மை தோய்த்த துணிப்பந்தால் மெல்ல ஒற்றத் தொடங்கினார். மேடாக நின்ற இடமெல்லாம் கறுக்க, பள்ளத்தில் இறங்கிய இடமெல்லாம் வெண்மையாகவே நின்றது. கரிய பரப்பில் வெள்ளெழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றுவதை நான் குந்தியிருந்து பார்த்தேன். "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற மங்கலச் சொல் முழுமையாகத் தெரிந்த கணத்தில், ஆயிரம் ஆண்டுக்கு முன் அந்த இடத்தில் இதே போலக் குந்தியிருந்து உளி பிடித்தவன் ஒருவன் இருந்தான் என்ற எண்ணம் எழுந்து, சிறிது நேரம் பேச்சு வரவில்லை. நம் மொழியில் படி என்பது பிரதிக்குப் பெயர். வாசி என்னும் ஏவலும் அதுவே. அந்த இரண்டு பொருளும் ஒரே வேலை என்பதை அன்று உணர்ந்தேன்.

வாசிப்பது அவ்வளவு சுலபமன்று. அந்தக் கடினந்தான் படிப்பு. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேற்றுமை இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். இடையிடையே கிரந்த எழுத்து கலந்து வரும். ஆகவே ஒரே எழுத்துக்கோவையை இரண்டு மூன்று விதமாகப் படிக்க இடமுண்டு. எது பொருந்தும் என்பதை இலக்கணமும், அந்த வட்டாரத்து ஊர்ப்பெயரும், அடுத்த சுவரிலுள்ள சாசனமும் கூடித்தான் முடிவுசெய்யவேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போராடி, கடைசியில் "இது என்னால் வாசிக்க இயலவில்லை" என்று கோடிட்டு விடுவானாயின், அவன் நாற்பது பக்கம் கைடு மனனம் செய்தவனைக் காட்டிலும் நல்ல சரித்திர மாணவன் என்றே நான் மதிப்பிடுவேன்.

வாசித்து முடித்த பின்னும் காலம் தெரிந்துவிடுவதில்லை. சோழர் சாசனம் "கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு" இத்தனையாவது என்று தொடங்கும். பரகேசரி யார்? இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை அக்குலத்தார் மாறிமாறிப் புனைந்தமையால், விசயாலயனும் பரகேசரி, முதற் பராந்தகனும் பரகேசரி, உத்தமசோழனும் பரகேசரி, முதல் இராசேந்திரனும் பரகேசரி. "மதிரை கொண்ட" என்ற அடைமொழி இருந்தால் பராந்தகன் என்று துணியலாம். இல்லையேல் எழுத்தமைதியையும், உடன் வரும் அதிகாரி பெயரையும் கொண்டு தேடவேண்டும். சில சாசனங்களில் நட்சத்திரமும் கிழமையும் பட்சமும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கணித்துத்தான் கீல்ஹார்ன் என்னும் ஜெர்மானிய அறிஞர், இராசராசன் அரியணை ஏறியது 985-ஆம் ஆண்டின் நடுவில் என்று வரையறுத்தார். இவ்வகைக் கணிதத்தை எளிதாக்கும் பொருட்டு நம்மவரான எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் பல தொகுதிகளாகப் பெரும் பஞ்சாங்கம் ஒன்றையே வெளியிட்டார். பாடப்புத்தகத்தில் அடைப்புக்குறிக்குள் வெறுமனே நிற்கும் "985 – 1014" என்பதன் முன்பகுதி, இத்தனை பேருடைய கண்ணொளியைக் குடித்து வந்த எண். அதை மாணவனுக்குச் சொல்லாமல் ஆண்டை மட்டும் சொல்வது, அவன் தட்டில் சோற்றை வைத்து நிலத்தை மறைப்பதாகும்.

நம் தருக்க நூலார் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று பிரமாணங்களைப் பகுத்துவைத்தனர். இவற்றின் பலாபலத்தைப் பழக ஸ்ரீரங்கத்தைப் போன்ற பள்ளிக்கூடம் கிடைத்தல் அரிது. அரங்கன் கோயிலின் மதில்களில் அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. தமிழும் வடமொழியும் கன்னடமும் தெலுங்கும் அவற்றில் கலந்து கிடக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதியின் 24-ஆம் பாகம் இவ்வொரு கோயிலுக்கே உரியது. மறுபுறம், கோயிலொழுகு என்னும் வரலாற்று ஏடு பரம்பரையாக எழுதிக் காக்கப்பட்டு வந்திருக்கிறது, வி. என். ஹரிராவ் அதனைக் குறிப்புரைகளோடு 1961-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கல் ஒன்று சொல்கிறது. ஏடு ஒன்று சொல்கிறது. துருக்கர் படையெடுப்பின்போது ஊரைவிட்டு வெளியேறிய அரங்கனைத் திருமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திரும்பக் கொணர்ந்து விசயநகரப் படைத்தலைவன் கோபணன் பிரதிஷ்டை செய்தான் என்று ஏடு கூறுவதை, சக ஆண்டு 1293, அதாவது 1371-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட சுலோகக் கல்வெட்டு உறுதிப்படுத்துகிறது. ஆனால் அதே ஏடு தர்மவர்மச் சோழனையும் கிளிச்சோழனையும் பற்றிச் சொல்லும்போது, அவர்களை எந்த நூற்றாண்டில் நிறுத்துவது என்பதற்குக் கல்லின் துணை கிடைப்பதில்லை. அதனால் ஏடு பொய் என்று எறிந்துவிடுவதும் பேதைமை, முழுவதும் மெய்யென்று தலையில் வைத்துக்கொள்வதும் பேதைமை. எழுதியவர் எப்போது வாழ்ந்தார், யாருக்காக எழுதினார், எந்த இடத்தில் கண்டதைச் சொல்கிறார், எந்த இடத்தில் கேட்டதைச் சொல்கிறார் என்று பகுத்தறியும் பக்குவத்தை இந்த ஒரு கோயிலே தரும். பக்தியோடு வலம் வருகிறவனுக்கும் அதனால் குறைவு ஒன்றும் நேராது.

இனிக் கொடும்பாளூருக்கு வருகிறேன். இங்கிருந்து விராலிமலை வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம். மதுரை நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே, அப்பகுதியை ஆண்ட இருக்குவேளிர் கட்டிய மூவர் கோயில் நிற்கிறது. மூன்று விமானங்களில் இன்று இரண்டே எஞ்சியிருக்கின்றன; வடபுறத்ததற்கு அடித்தளம் மட்டும். பூதி விக்கிரமகேசரி என்னும் வேள், தன் பெயராலும், தேவியரான கற்றளி, வரகுணை என்னும் இருவர் பெயராலும் இம்மூன்றையும் எடுப்பித்தான் என்று நடு விமானத்துச் சுவரில் கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிப் பிரசஸ்தி கூறுகிறது. மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுகச் சைவத் துறவிக்குப் பெரியதொரு மடத்தைக் கொடுத்து, ஐம்பது துறவியர் உண்ணப் பதினோரு ஊர்களை அளித்த செய்தியும் அதில் உண்டு. ஆண்டு மட்டும் இல்லை.

இந்த விக்கிரமகேசரி எந்தக் காலத்தவன் என்பது பற்றி அறிஞர்கள் பல்லாண்டு வாதிட்டனர். அவன் பல்லவர் சேனையை வென்று காவிரி நீரைக் குருதியால் சிவக்கச் செய்தான் என்கிறது பிரசஸ்தி. பல்லவர் பேரரசு ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு முதல் ஆதித்தனிடம் வீழ்ந்தது. ஆகவே இவன் ஆதித்தன் காலத்தவன் என்பர் ஒரு சாரார். அதே பிரசஸ்தி அவன் வீரபாண்டியனை வென்றதாகவும் கூறுகிறது. சோழரோடு பொருத வீரபாண்டியன் பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியினன். ஆகவே இவன் சுந்தரசோழன் காலத்தவன் என்பர் மற்றொரு சாரார். நீலகண்ட சாஸ்திரியார் இப்பக்கத்தவர். முன்னவர், அந்த வீரபாண்டியன் வேறொருவன் என்று சொல்லவேண்டியிருக்கிறது. பின்னவர், பல்லவர் சேனை என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியிருக்கிறது. கட்டடக் கலை வல்லார் விமானத்தின் அமைதியைப் பார்த்து ஒரு பக்கம் சேர்கின்றனர். எழுத்தமைதி பார்ப்பவர் மறு பக்கம் சாய்கின்றனர். இடைவெளி ஏறத்தாழ எழுபது எண்பது ஆண்டு.

ஒரு மாணவனின் மூன்றாவது ஆண்டை இந்த ஒரே வழக்குக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் துணிபு. வடமொழிச் சுலோகத்தை அவன் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். ஆதித்தன், பராந்தகன், சுந்தரசோழன் காலக் கோயில்கள் ஒவ்வொன்றை நேரிற்கண்டு கொடும்பாளூரோடு ஒப்பிடட்டும். அப்பகுதிக் கோயில்களிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் பூதி என்ற பெயரும் அத்தேவியர் பெயரும் எந்த அரசனுடைய ஆட்சியாண்டோடு வருகின்றன என்று தேடிப் பட்டியலிடட்டும். பின் தன் முடிவைப் பத்துப் பக்கத்தில் எழுதட்டும். எந்தப் பக்கம் முடிவு கட்டினான் என்பதற்கு மதிப்பெண் இடக்கூடாது. தன் முடிவுக்கு எதிரான சான்றை எவ்வளவு நேர்மையோடு எடுத்துவைத்தான் என்பதற்கே இடவேண்டும். சாஸ்திரியார் 1929-இல், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை ஏற்பதற்குச் சற்று முன், திருச்சி நேஷனல் கல்லூரியில் வரலாறு கற்பித்தவர். அத்தகையவர் முடிவையும் ஒரு பி.ஏ. மாணவன் சான்றோடு மறுக்கலாம் என்ற தைரியத்தை அவனுக்கு ஊட்டுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

இந்த நேர்மையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமத்தின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் அறிவிக்கப்பட்ட நாளில், எனக்கு உண்டான பூரிப்பு உங்களில் எவருக்கும் குறைந்ததன்று. ஆனால் பூரிப்போடு நின்றுவிடுகிறவனுக்கும் வரலாறு பயின்றவனுக்கும் வேற்றுமை ஒன்றுண்டு. காலம் கணிக்கப்பட்டது எந்தப் பொருள், அது எந்த அடுக்கில் கிடந்தது, அதே அடுக்கில் எழுத்துப் பொறித்த ஓடு எத்தனை கிடைத்தது, கரியும் ஓடும் ஒரே காலத்தில் அங்கே வந்து சேர்ந்தன என்று எதைக்கொண்டு சொல்கிறோம் என்று பின்னவன் கேட்பான். கேட்பவனைத் துரோகி என்று பார்க்கிற மனோபாவம் நம்மிடையே வளர்ந்துவருவது கண்டு நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். நம் தொன்மை கேள்வியைத் தாங்கும். கேள்வி கேட்காத பிள்ளைகளைத்தான் அது தாங்காது.

பெற்றோர்கள் கேட்கிற கேள்வி வேறு. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று, மகளின் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் எத்தனையோ தகப்பனார்கள் கேட்டிருக்கின்றனர். அது நியாயமான கேள்வி. அதை இகழ்கிற உரிமை மாதச் சம்பளம் வாங்கிய எனக்கு இல்லை. ஆசிரியப் பணி உண்டு, தேர்வாணையத் தேர்வுகள் உண்டு, தொல்லியல் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் சில இடங்கள் உண்டு. அவை பலர்க்குப் போதா என்பதும் உண்மை. ஆயினும், வேறு இடம் கிடைக்காதவர்கள் வந்து ஒதுங்கும் திண்ணையாக இந்தப் பாடத்தை ஆக்கிவைத்தவர்கள் பெற்றோர் அல்லர். எளிய வினாக்களும் எளிய விடைகளுமாக அதைத் தேய்த்துவிட்ட எங்களைப் போன்ற ஆசிரியர்களே.

அதன் விளைவைப் பாருங்கள். இந்தத் திருச்சியில் பள்ளிப்படிப்புப் படித்த ஐராவதம் மகாதேவன், கல்லூரியில் பயின்றது ரசாயனமும் சட்டமும், உத்தியோகம் ஆட்சிப்பணி. கரூரை அடுத்த புகழூர்க் குகை எழுத்துகளில் சேரல் இரும்பொறைப் பரம்பரையைக் கண்டு சொன்னவர் அவர். தமிழ் பிராமி முழுவதையும் தொகுத்து 2003-இல் வெளியான அவருடைய பெருநூலைத் தாண்டி இன்று அத்துறையில் ஒருவரும் நடக்க முடியாது. மா. இராசமாணிக்கனார் பெயரால் திருச்சியில் வரலாற்றாய்வு மையம் அமைத்து, குகைக்கோயில்களையும் சோழர் தளிகளையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து எழுதிவரும் இரா. கலைக்கோவன் கண் மருத்துவர். இவர்களை நினைத்து நான் பெருமைப்படுகிறேன். உடனே, வரலாற்றுப் பட்டம் பெற்று வெளியேறிய எங்கள் வகுப்பு மாணவர்கள் அறுபது பேரில் ஒருவர்கூட இத்தகைய குகை எதற்குள்ளும் விளக்கோடு நுழையவில்லையே என்று என் மனம் குறுகுகிறது. ரசாயனம் பயின்றவரிடத்திலும் மருத்துவம் பயின்றவரிடத்திலும் இருந்தது என்ன? சான்றைத் தானே தொட்டுப் பார்க்கும் பழக்கம். ஆய்வுக்கூடத்தில் கற்ற அதை அவர்கள் கல்லுக்குக் கொண்டுவந்தனர். எங்கள் பாடத்துக்கும் ஆய்வுக்கூடம் உண்டு. அதற்குக் கூரையில்லாமையால் அது ஆய்வுக்கூடம் என்று எங்களுக்குத் தெரியாமற் போயிற்று.

ஆக்ஸ்போர்டில் பண்டைய கிரேக்க ரோம வரலாறு பயில்வோர், நெடுங்காலமாக, முதலில் அம்மொழிகளில் தேறிய பிறகே வரலாற்றுக்குள் அனுமதிக்கப்பட்டனர். நான்காண்டுப் படிப்பில் முற்பகுதி மொழிக்கே சென்றது. மூலமொழியில் வாசிக்காதவன் பிறர் வாசித்ததை மட்டுமே சொல்ல இயலும் என்பது அவர்கள் துணிபு. நம் பிள்ளைகளுக்கோ மூலமொழிகளில் ஒன்று தாய்மொழியாகவே வாய்த்திருக்கிறது. அதற்கு மேல் கொஞ்சம் வட்டெழுத்து, கொஞ்சம் கிரந்தம், கல்வெட்டுக்கு வேண்டிய அளவு வடமொழி. முதலாண்டில் இவற்றைப் புகட்டிவிட்டால் மீதி இரண்டாண்டும் கோயில் மதிலே வகுப்பறை. எல்லாவற்றையும் மொகஞ்சதாரோவிலிருந்து ஹர்ஷர் வரை ஓடி முடிக்கவேண்டும் என்ற அவசரத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். விடலாம். ஒரு நூற்றாண்டை முறையாக வாசிக்கப் பழகியவன் மற்ற நூற்றாண்டுகளுக்குத் தானே போய்ச் சேருவான்.

இவ்வறக்கட்டளையின் ஆண்டுப் பலனில் சொற்பொழிவாளருக்குச் சன்மானம் தருவது வழக்கம் என்று சொன்னார்கள். குடும்பத்தாரின் அனுமதியோடு அதைத் தாளுக்கும் மைக்கும் பேருந்துக் கட்டணத்துக்குமாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் படி எடுக்க முன் அனுமதி பெறவேண்டும், அதற்கு விண்ணப்பித்திருக்கிறேன். கண்ணால் வாசிக்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் விராலிமலை வண்டி நிற்கும் இடத்தில் இருப்பேன். சாய்வெயில் சுவரில் விழுகிற நேரத்துக்குள் கொடும்பாளூர் போய்ச் சேர்ந்தால்தான் எழுத்தின் பள்ளம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே தாமதிக்காமல் வாருங்கள். குடிக்கத் தண்ணீரும், ஒரு டார்ச் விளக்கும், பென்சிலும் போதும். கைடு வேண்டாம்.